ரெண்டாவது பட்டன்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா கம்ப்யூட்டர்ல எட்டுப் பட்டன் தெரியும். சிரிக்காதீக, நெசமாத்தான் சொல்றேன். இதையும் நான் சொல்லச் சொல்ல என் மருமகதான் தட்டிக்கிட்டு இருக்கா. ஒரு பக்கம் முடிஞ்சதும் நிப்பாட்டச் சொல்லி, படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுக்குறேன். மின்னயெல்லாம் அப்பிடிக் கேக்க மாட்டேன். யாரு என்ன படிச்சாலும் தலைய ஆட்டிட்டுப் போற ஆளு நான். அந்த முகூர்த்த நாளுக்குப் பெறகுதான் இந்தப் புத்தி வந்துச்சு.

பட்டன் படிச்ச கதைய மொதல்ல சொல்லிப்புடுறேன். அதைச் சொல்லாட்டி பின்னால நடந்தது உங்களுக்கு வெளங்காது.

என் மகன் லாரி ஓட்டுறான். வடக்க போனான்னா வர பதினஞ்சு நாளாகும், சமயத்துல இருவது நாளும் ஆகும். போன்ல கூப்பிட்டா எந்த ஊர்ல நிக்கிறேன்னு அவனுக்கே தெரியாது. மருமக திண்டுக்கல்லு டவுனுக்குள்ள, தோல் பதனிடுற ஷாப்பு இருக்குற பக்கம் ஒரு லைன் வீட்டுல இருக்கா. மொத மாசம் எனக்கு அந்த வாடை ஒத்துக்கல, சோறு எறங்கல. இப்பப் பழகிப்போச்சு. இப்ப ஊருக்குப் போனாத்தான் என்னமோ கொறையிறாப்ல இருக்கு. சரி, அது கெடக்கட்டும். அவளுக்குப் பொம்பளப் புள்ள பெறந்ததும் கூடமாட இருப்போம்னு போனவதான், மாசத்துல பாதி அங்க, பாதி ஊர்ல என் சம்பங்கிக் காட்டுலன்னு ஆகிப்போச்சு.

அவளுக்கு வீட்டுல இருந்தே டைப்பிங் வேல. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்காரர் கையெழுத்துக் காகிதத்தைப் போன்ல போட்டோ புடிச்சு அனுப்புவாரு. மனு, கல்யாணப் பத்திரிக்கை, காலேஜுப் புள்ளைகளோட புஸ்தகம், என்னென்னமோ வரும். சாயங்காலத்துக்குள்ள கேப்பாரு. கைப்புள்ளைய வச்சுக்கிட்டு எப்பிடி முடியும்? எறக்கிவிட்டா அழுகுது. இடது கையில புள்ள, வலது கையில வேல. ஒருநா அடுப்படியில கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்கேன், சத்தம் போடுறா.

"அத்தை, இங்க வாங்க, செத்த நேரம். இந்த மூலையில இருக்குற பட்டனை மட்டும் அமுக்கிப் புடிங்க."

"நானா? ஏத்தா, எதாச்சும் வெடிச்சுறப் போகுது."

"வெடிச்சா நம்ம ரெண்டு பேரும் சேந்தே போவோம். புடிங்க அத்தை."

புடிச்சேன். அவ அந்தக் கோடியில ஒரு பட்டனைத் தட்டுனா. திரையில பெட்டி மாதிரி ஒண்ணு தெறந்து, பக்கத்துல இருந்த பிரிண்டர் கரகரன்னு காகிதத்தைத் துப்புது. ஒத்தக் கையால அந்த மூலைக்கும் இந்தக் கோடிக்கும் எட்டாதுல்ல, அதான் என்னையக் கூப்பிட்டிருக்கா. எனக்குன்னா ஒரே சந்தோசம். கீரைக் கையோட நின்னு இன்னொருக்கா, இன்னொருக்கான்னேன். காகிதம் வீணாப் போகும்னு வைஞ்சா.

அன்னையிலேருந்து நான்தான் மூலைப் பட்டன் ஆளு. போகப்போக மத்ததும் தெரிஞ்சுக்கிட்டேன். எழுத்தாத் தெரியாது, எடம் வச்சுத்தான் தெரியும். மூலைக்கு மேல ஒரு நீளப் பட்டன் இருக்கும். அதுக்குப் பக்கத்துல வரிசையா நாலு. ஒண்ணாவது, இப்பச் செஞ்சதைச் செய்யாததாக்கும். ரெண்டாவது, வெட்டி எடுக்கும். மூணாவது, நகல் எடுக்கும். நாலாவது, எடுத்ததை வேற எடத்துல ஒட்டும். இது போக கூடாரம் மாதிரி ஒண்ணு, அது அம்புட்டையும் நீலமாக்கும். பாம்பு மாதிரி நெளிஞ்ச ஒண்ணு, அது பத்திரப்படுத்தி வைக்கும். அந்தக் கோடியில அகப்பை மாதிரி ஒண்ணு, அது அச்சடிக்கும். மூலையோட சேத்தா எட்டாச்சா? தனியா அமுக்குனா வெறும் எழுத்துதான் விழும். மூலையைப் புடிச்சுக்கிட்டு அமுக்குனாத்தான் இந்த வேலையெல்லாம் நடக்கும். மவுசைப் புடிச்சு அங்கயும் இங்கயும் தேடிக்கிட்டுத் திரியிறதைவிட இது வெரசுன்னு மருமக சொல்லுவா. ஒரு மணி நேர வேல அரை மணியில முடியுதுன்னா சும்மாவா?

நான் எப்பவும் கையைத்தான் பாப்பேன். சம்பங்கி போட்டு பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போற ஆளு. அங்க தராசைப் பாத்துக்கிட்டு நின்னா ஏமாந்துதான் வரணும். எடை போடுறவன் சுண்டுவெரல் எங்க இருக்குன்னு பாக்கணும். அதனால எனக்குக் கம்ப்யூட்டருலயும் டிவி மாதிரி இருக்குறதைவிட, கீழ நடக்குற வெரலைப் பாக்கத்தான் புடிக்கும். மருமக வெரலைப் பாத்தே இப்ப வெட்டுறா, இப்ப ஒட்டுறான்னு சொல்லிருவேன். பக்கத்து வீட்டு பாய் சம்சாரம் வந்தாக்க, "ஏங்க, உங்க மாமியா என்னத்தப் பாத்துக்கிட்டு இப்பிடிச் சிரிக்கிறாக?"ன்னு கேக்கும்.

ஒருநா மட்டும் சிரிப்பு வரல. யாரோ ஒரு பொம்பள பேருல வந்த மனு, ரெண்டு பக்கம் இருக்கும். மருமக நடுவுல ஒரு பத்தியை நீலமாக்குனா, ரெண்டாவதை அமுக்குனா. போச்சு. கீழ இருந்த வரியெல்லாம் மேல ஏறி மூடிக்கிருச்சு. கெணத்துல கல்லு விழுந்தாக்கூட செத்த நேரம் தண்ணி ஆடும். இங்க ஒரு ஆட்டமும் இல்ல.

"ஏத்தா, அந்த எடத்துல ஒண்ணு இருந்துச்சுன்னு அடையாளமே இல்லையா?"

"இல்ல அத்தை. இருந்துச்சுன்னு நமக்குத் தெரிஞ்சாத்தான் உண்டு."

"காகிதத்துல அடிச்சா கோடாவது தெரியும்."

"இதுல தெரியாது. இருங்க, நாலாவதை அமுக்குறேன், பாருங்க." அமுக்குனா. வேற எடத்துல வந்து உக்காந்துக்கிருச்சு. "வெட்டுனா அதை எங்கயாச்சும் ஒட்டணும் அத்தை. ஒட்டாம விட்டா போயிரும்."

அந்த மனு போட்ட பொம்பளைய நெனச்சுக்கிட்டேன். அவ என்னைய மாதிரி கைநாட்டா இருந்தா என்ன பண்ணுவா?

இப்பக் காட்டு விசயத்துக்கு வாரேன்.

எங்க ஊரு எரியோட்டுக்குப் பக்கத்துல மூணு ஏக்கரு, எங்க மாமனார் சொத்து. ரோட்டோரம் ஒண்ணரை ஏக்கரு என் கொழுந்தனாருக்கு, உள்ளாற இருக்குற ஒண்ணரை எங்களுக்குன்னு வாய்ப்பேச்சுலயேதான் இத்தன வருசமும் ஓடுச்சு. எங்க பங்கை என் வீட்டுக்காரர் இருக்கும்போதே என் பேருக்கு எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு. கெணறு கொழுந்தனார் பக்கத்துல இருக்கு. ரோட்டுலேருந்து என் காட்டுக்குப் போகணும்னா அவரு காட்டு வழியாத்தான் போகணும். பத்தடி அகலத்துக்கு வண்டிப் பாதை, மாமனார் காலத்துலேருந்து இருக்கு. கெணத்துத் தண்ணி ஒருநா விட்டு ஒருநா எங்களுக்கு. இந்தப் பாதையும் தண்ணியும் இல்லாட்டி என் காட்டுல காக்கா குருவிதான் போயி எறங்கலாம்.

போன வருசம் கொழுந்தனார் வந்து, "மதினி, நாம இருக்கும்போதே பாகப்பிரிவினை பத்திரம் போட்டுக்குவோம், பின்னால புள்ளைக அடிச்சுக்கிறக் கூடாது"ன்னு சொன்னாரு. நல்ல பேச்சுதான். மகன்கிட்டப் போன்ல சொன்னேன். பாதையும் தண்ணியும் பத்திரத்துல ஏறணும், அது ஏறுச்சுன்னா வெரலை வச்சுரும்மான்னான். மருமகளும் அதையேதான் சொன்னா. பத்திரம் எழுதுற ஆளைத் தான் பாத்துக்குறேன்னு கொழுந்தனார் சொன்னாரு. நல்ல முகூர்த்த நாளா ஒண்ணு குறிச்சாரு.

அன்னைக்குன்னு பாத்து புள்ளைக்கு ஊசி போட்டு வந்து காச்சல். மருமக வாரேன்னு கெளம்புனவ நின்னுட்டா.

"அத்தை, முழுசாப் படிக்கச் சொல்லிக் கேளுங்க. பாதை, தண்ணி, ரெண்டும் வருதான்னு பாருங்க. வராட்டி வெரலை வைக்காதீக."

"நான் என்ன பச்சப் புள்ளையா?"

பஸ்ஸேறிப் போனேன். பத்திர ஆபீசுக்கு எதிர்த்தாப்ல வரிசையா சின்னச் சின்னக் கடை, எல்லாம் பத்திரம் எழுதுற கடைதான். முகூர்த்த நாளுங்கவும் கால் வைக்க எடமில்ல. வீடு வாங்குறவுக, விக்கிறவுக, சாட்சிக்கு வந்தவுக. ஒரு பெரியவர், "கல்யாண மண்டபத்துல கூட இம்புட்டுக் கூட்டமில்லப்பா, அங்க சோறாவது போடுவாக"ன்னு பொலம்பிக்கிட்டு நின்னாரு. கொழுந்தனார் கூட்டிப்போன கடை நடுவுல இருந்துச்சு. உள்ள நாலு நாற்காலி. ஒண்ணுல பர்தா போட்ட ஒரு பொம்பள, மடியில பைலை வச்சுக்கிட்டு தன் மொறைக்குக் காத்திருந்துச்சு. என்னைய மேசைக்குப் பக்கவாட்டுல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்கார வச்சாக. பத்திரக்காரரோட கை எனக்கு நேரா தெரியுது. எனக்கு அதைவிட என்ன வேணும்?

அய்யய்யோ, அந்தக் கையை நீங்க பாத்திருக்கணும். மருமக கையெல்லாம் அதுக்குக் கிட்ட நிக்காது. மவுசைத் தொடுறதே இல்ல. இடது சுண்டுவெரலு மூலையிலயே ஒட்டிக்கெடக்கு. பழைய பத்திரம் ஒண்ணைத் தெறந்தாரு, கூடாரத்தை அமுக்குனாரு, மூணாவதை அமுக்குனாரு, புதுசுல நாலாவதை அமுக்குனாரு. கூட்டத்துக்குள்ள சொந்தக்காரவுகளைப் பாத்தாப்ல எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

"என்ன ஆத்தா, என்னையப் பாத்துச் சிரிக்கிறீக? கண்ணு பட்டுரும்."

"கை பறக்குதேய்யா, பாக்க ஆசையா இருக்கு."

"பதினெட்டு வருசத்துக் கை ஆத்தா. டோக்கன் கூப்பிடுறதுக்குள்ள முடிக்கணும்ல."

பேரு, ஊரு, சர்வே நம்பரெல்லாம் மாத்துனாரு. நடுவுல கொழுந்தனார் அவரு தோளுக்குப் பின்னால நின்னுக்கிட்டு வெரலால எதையோ காட்டுனாரு. பெறகு பத்திரக்காரர் படிச்சுக் காட்டுனாரு. கைநாட்டு ஆளுகளுக்குப் படிச்சுக் காட்டித்தான் வெரல் வாங்கணும்னு மொறை. "படிக்கக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டு"ன்னு கடைசியில ஒரு வரிகூட வருமாம். மடமடன்னு படிச்சாரு. பாதி எனக்குப் புரியல. ஆனா பாதை வந்துச்சு, பத்தடின்னு வந்துச்சு. கெணத்துல சரிபாதி, தண்ணி ஒருநா விட்டு ஒருநான்னு வந்துச்சு. ரெண்டும் காதுல விழுந்ததும் எனக்கு நெஞ்சு குளுந்துபோச்சு.

"சரிதானே ஆத்தா?"

"சரிதாய்யா. நல்லா இருக்கு."

கொழுந்தனார் பத்திரக்காரர் காதுக்கிட்டக் குனிஞ்சு, "அண்ணே, நான் சொன்னேன்ல, அதைப் பாத்துருங்க"ன்னாரு. அவரு தலைய ஆட்டுனாரு. கொழுந்தனார் என்னையப் பாத்து, "மதினி, உள்ள வேகுது, வெளிய காத்தாட உக்காருங்க. அச்சடிச்சதும் கூப்பிடுறேன்"னாரு.

"இல்ல தம்பி, எனக்கு இதைப் பாக்கப் புடிச்சிருக்கு."

சந்தோசத்துலதான் அங்க உக்காந்திருந்தேன். சந்தேகமெல்லாம் துளியும் இல்ல. அன்னைக்கு எனக்கு வெளிய போகணும்னு தோணியிருந்தா, இந்தக் கதையே இல்ல.

பத்திரக்காரர் அப்பத்தான் மொத மொதல்ல மவுசைத் தொட்டாரு. மெதுவா இழுத்தாரு. ஒரு பத்தி நீலமாச்சு. சுண்டுவெரல் மூலைக்குப் போச்சு. இன்னொரு வெரல் ரெண்டாவது பட்டன்ல விழுந்துச்சு.

நீலம் போச்சு. கீழ இருந்தது மேல ஏறி மூடிக்கிருச்சு.

சரி, எடம் மாத்தப் போறாருன்னு நெனச்சேன். நாலாவது பட்டனுக்காகக் காத்திருந்தேன். வெரலையே பாத்துக்கிட்டு இருக்கேன், வெரல் நாலாவதுக்குப் போகல. பாம்புக்குப் போச்சு. பத்திரப்படுத்துறாரு. ஒட்டாம எப்பிடிப் பத்திரப்படுத்துறாருன்னு எனக்கு வெளங்கல. ஒருவேளை இந்தக் கடையில வேற மொறையோ என்னமோ. அடுத்து அகப்பைக்குப் போச்சு. பின்னால பிரிண்டர் முனக ஆரம்பிச்சுருச்சு. பத்திரத்தாள் ஒண்ணொண்ணா வெளிய வருது.

நாலாவது வரவேயில்ல.

"ஏய்யா," கேட்டேன், "இப்ப வெட்டுனீகளே, அதை எங்க வச்சீக?"

பத்திரக்காரர் கை அப்பிடியே நின்னுச்சு. "எதை ஆத்தா?"

"நீலமாக்கி வெட்டுனீகளே."

கொழுந்தனார் சத்தமாச் சிரிச்சாரு. "மருமக மதினிக்குக் கம்ப்யூட்டர் கத்துக்குடுத்துருச்சுண்ணே. நாளைக்குக் கலெக்டர் ஆபீசுல வேலைக்குச் சேந்துருவாக, பாருங்க." கடையில இருந்தவுகளும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன்.

"ஒரே விசயம் ரெண்டு தடவ வந்துருச்சு ஆத்தா. அதுல ஒண்ணை எடுத்தேன், அவ்வளவுதான்"னாரு பத்திரக்காரர்.

பொருத்தமான பதில்தான். எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. மருமககூட அப்பிடி ரெண்டு தடவ வந்துருச்சுன்னு வெட்டுவா. தாளை அடுக்குனாக. மை டப்பாவை எடுத்தாக. என் இடது கட்டை வெரல்ல மையைத் தடவுனாக. வெளிய டோக்கன் கூப்பிடுறாங்கன்னு ஒருத்தர் கத்துறாரு. கொழுந்தனார் என் மணிக்கட்டைப் புடிச்சாரு, வெரலைத் தாள்ல வைக்கிறதுக்கு.

நாப்பது வருசமா அந்த வீட்டுல வாக்கப்பட்டு இருக்கேன். அவருக்குச் சோறு போட்டிருக்கேன், அவரு கல்யாணத்துக்கு நான்தான் மாவு இடிச்சேன். ஒருநாளும் என் கையைத் தொட்டதில்ல அவரு. மதினின்னா அம்புட்டு மரியாதை. அன்னைக்குப் புடிச்சாரு. அந்தக் கை ஈரமா இருந்துச்சு. வேகுற கடைக்குள்ள அந்தக் கை மட்டும் சில்லுனு இருந்துச்சு.

நான்தான் கையைப் பாக்குற ஆளுன்னு சொன்னேன்ல. எடைக்காரன் கையும் இப்பிடித்தான் ஈரமாகும்.

வெடுக்குன்னு இழுத்துக்கிட்டேன். எந்திரிச்சேன். எங்கேருந்து தெகிரியம் வந்துச்சுன்னு தெரியல, மேசை மேல சாஞ்சு, மையோட இருந்த இடது கட்டை வெரலாலயே அந்த மூலைப் பட்டனை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, வலது கையால ஒண்ணாவதை ஒரு தட்டு தட்டுனேன்.

பத்தி திரும்பி வந்து உக்காந்துச்சு. நீலமா.

"ஏய், ஆத்தா! கையை எடு! என்ன பண்ற நீ?"

"அதைப் படிங்கய்யா."

"அதான் படிச்சேன்ல!"

"இன்னொருக்காப் படிங்க. இல்லாட்டி..." திரும்பிப் பாத்தேன். அந்தப் பர்தா போட்ட பொம்பள எந்திரிச்சு நின்னுக்கிட்டு இருக்கு. "ஏம்மா, உனக்குப் படிக்கத் தெரியுமா? இந்த நீலமா இருக்குறதை மட்டும் படி தாயி."

கொழுந்தனார், "ஏம்மா, நீ யாரு, உனக்கு எதுக்கு இது"ன்னு குறுக்க வந்தாரு. அந்தப் பொம்பள அவரைச் சட்டை பண்ணல. "அம்மா கேக்குறாங்க, படிக்கிறதுல என்னண்ணே கொறைஞ்சுறப் போகுது"ன்னுட்டு, குனிஞ்சு பள்ளிக்கூடத்துல படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படிச்சுச்சு. பத்தடி பாதை. கெணத்துல சரிபாதி.

ரெண்டு தடவையெல்லாம் இல்ல. இருந்தது அது ஒண்ணுதான்.

"தண்ணி வாரத்துக்கு ஒருநா"ன்னு படிச்சுச்சு.

"என்னது?"

"வாரத்துக்கு ஒரு நாள்னு போட்டிருக்கும்மா."

"ஒருநா விட்டு ஒருநான்னுதானே எனக்குப் படிச்சாரு?"

மூலையில என் வெரல் இன்னும் இருக்கு. ஒண்ணாவதை மறுபடியும் தட்டுனேன். கண்ணுக்கு முன்னால அந்த வரியில நாலஞ்சு எழுத்து நெளிஞ்சு மாறுச்சு.

"இப்ப ஒருநாள் விட்டு ஒருநாள்னு ஆயிருச்சு"ன்னு சொல்லுச்சு அந்தப் பொம்பள. அது குரலே சின்னதாப் போச்சு. "அல்லா."

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. அங்க இருந்ததை எனக்குப் படிக்கல. நான் கேக்க ஆசைப்பட்டதைப் படிச்சிருக்காரு. அவரு வாய் ஒண்ணு சொல்லிக்கிட்டு இருக்கும்போது கண்ணுக்கு முன்னால வேற ஒண்ணு இருந்திருக்கு. நான் நெஞ்சு குளுந்து தலைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்திருக்கேன்.

மூணாவது தடவை தட்ட வெரலை வச்சேன். டப்புன்னு எல்லாம் கருத்துப் போச்சு. பத்திரக்காரர் மேசைக்கு அடியில கையை விட்டு சுவிச்சை அமத்திட்டாரு.

"கரண்டு போயிருச்சு"ன்னாரு. மேல காத்தாடி சுத்திக்கிட்டு இருக்கு.

கொழுந்தனார் அச்சடிச்ச தாளையெல்லாம் அள்ளி மடிச்சு சட்டைக்குள்ள வச்சுக்கிட்டாரு. நான் முந்தானையால கட்டை வெரலைத் தொடைச்சேன். முழுசாப் போகல. அந்தக் கடையில நான் வச்ச கைநாட்டு ஒண்ணே ஒண்ணுதான், அது அவரு மூலைப் பட்டன் மேல இருக்கு. தொடைச்சிருப்பாரு.

வெளிய வந்ததும் கொழுந்தனார் பின்னாலயே வந்தாரு.

"மதினி, அது அந்தாளு பண்ணுன தப்பு. பழைய பத்திரத்துலேருந்து எடுத்தாருல்ல, அதுல இருந்தது இதுல ஏறிருச்சு."

"இருக்கும் தம்பி."

"என்னைய நம்பலையா நீங்க?"

"நம்புறேன். அதை வேற எடத்துல எழுதிக்குவோம்."

அவரு மொகத்தை நான் பாக்கல. கையைத்தான் பாத்தேன். சட்டைக்குள்ள இருந்த தாளை அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஒரே பஸ்ஸுலதான் ஊருக்குப் போகணும். அவரு ஏறல.

மறுநா காலையில திண்டுக்கல்லு வீட்டுக்கு வந்து சொன்னதும் மருமக அழுதா. பெறகு என்னைய உலுக்கு உலுக்குன்னு உலுக்கி, "கண்ட்ரோல் போட்டு அன்டூ பண்ணீகளா? அந்தாளு கடையில? அத்தை!"ன்னு சிரிச்சா. மகனுக்குப் போன் போட்டு, எங்கயோ வடக்க நின்னவனுக்கு ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொன்னோம். எனக்குன்னா பெருமை தாங்கல. அன்னைக்குப் பூரா அதையே பேசிக்கிட்டு இருந்தேன். ஆனா படுக்கும்போது ஒண்ணு நெனப்பு வந்துச்சு. மூணாவது தடவை தட்டியிருந்தா என்ன வந்திருக்கும்? பாதை தெரிஞ்சுச்சு, தண்ணி தெரிஞ்சுச்சு. அதுக்கு மின்ன என்ன மாத்துனாரு?

மருமக ஒரு வக்கீலைக் கேட்டு, வீட்டுலயே பத்திரம் தட்டி வச்சிருக்கா. நான்தான் மூலையைப் புடிச்சேன். ஒவ்வொரு வரியா எனக்குப் படிச்சா, பக்கத்து வீட்டு பாய் சம்சாரமும் தனியா ஒருக்கா படிச்சுச்சு. ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு. அதைக் கொண்டு போயி கொழுந்தனாருகிட்டக் குடுத்தோம். பாத்துட்டுச் சொல்றேன்னாரு. அஞ்சு மாசமாச்சு, பாத்துக்கிட்டே இருக்காரு.

அவரு பாக்குற அஞ்சு மாசமும் நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மொத மாசம் பாதையோரம் இலந்தை முள்ளு வெட்டிப் போட்டிருந்தாக. வேலி அடைக்கக் கெடக்குன்னாக. ரெண்டாம் மாசம் அந்த முள்ளு ரெண்டடி உள்ள வந்துருச்சு. நான் பாட்டுக்குச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டுப் போவேன். மூணாம் மாசம் அவுக வீட்டு நாயைப் பகல்லயும் அவுத்து விட ஆரம்பிச்சாக. நான் போட்ட சோத்துல வளந்த நாய், அது என்னையப் பாத்துக் கொரைக்குது. கொரைச்சுட்டு அதுவே வெக்கப்பட்டு வாலை ஆட்டும். என்ன பண்ணும் அது?

போன வாரம் என் தண்ணி நாளு. விடிஞ்சும் விடியாம போறேன், மோட்டார் ரூம்புக்குப் புதுப் பூட்டு. எரியோட்டுல வெயில் வந்தா சம்பங்கி ஒரு நாளு தாங்கும், ரெண்டாம் நாளு தாங்காது. அவுக வீட்டு வாசல்ல நின்னு தம்பி, தம்பின்னு கூப்பிடுறேன். வண்டி இல்ல, ஆளு இல்ல போல. உள்ள டீவி சத்தம் கேக்குது. நான் நகரல. நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன், எனக்குத்தான் தொண்டை நல்லாருக்கே. கடைசியில அவரு சம்சாரம் சன்னலைத் தெறந்தா. எனக்கு ஓரகத்தி, கூடப் பெறந்தவ மாதிரிதான் இருந்தோம். சாவியைக் கம்பி வழியா நீட்டுனா.

"அக்கா, அவரு வர்றதுக்குள்ள பாச்சிட்டுக் குடுத்துருங்க."

"ஏத்தா, என்னத்துக்கு இதெல்லாம்?"

அவ பாதைப் பக்கம் ஒருக்கா பாத்துக்கிட்டா. "அன்னைக்கு ரெண்டு தடவையோட நின்னுருச்சாமே, அக்கா."

"ஆமா. உனக்குத் தெரியுமா மூணாவதா என்ன இருந்துச்சுன்னு?"

"தெரியும்," சொன்னா. சன்னல் கம்பியைப் புடிச்சிருந்த வெரலு வெளுத்துப்போச்சு. "என்னையக் கேக்காதீக. நான் இந்த வீட்டுலதான் இருக்கணும்."

கேக்கல நான். போயி மோட்டாரைப் போட்டேன். தண்ணி கொப்பளிச்சு வந்து வாய்க்கால்ல ஓடுச்சு, அதைப் பாக்குறதுல எனக்கு எப்பவும் ஒரு சந்தோசந்தான். மம்பட்டியை எடுத்துப் பாத்தி பாத்தியா மடை மாத்திக்கிட்டே வந்தேன். கடைசிப் பாத்திக்குத் தண்ணி போகும்போது ரோட்டுல கொழுந்தனார் வண்டிச் சத்தம் கேட்டுச்சு. நாய் கொரைக்கல. சாவி என் மடியில இருந்துச்சு. அந்தப் பாத்தியில பாதி இன்னும் காஞ்சு கெடக்கு. மோட்டாரை நிப்பாட்டாம, மடையிலயே காலை ஊனி நின்னேன்.